கடதாசிக் கட்டுக்கு ஞாபகம் கிடையாது, தெரியுமா?

திருகோணமலைத் துறைமுகத்தை ஒரே வருடத்துக்குள் இரண்டு பேர் மாறி மாறி வென்றார்கள், கடைசியில் இரண்டு பேருமே வெறுங்கையோடு போனார்கள், தெரியுமா?

வருடம் 1782. ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பறித்தார். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் வந்து ஆங்கிலேயரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். காப்பாற்ற ஓடிவந்த ஹியூஸ் செப்டெம்பர் தொடக்கத்தில் எட்டிப் பார்த்தால், கோட்டையின் மேல் பறந்தது பிரெஞ்சுக் கொடி! மூன்றாம் திகதி வெளிக்கடலில் இரண்டு படைகளும் மோதின. முடிவு? ஒன்றுமில்லை. 1782 பெப்ரவரி முதல் 1783 ஜூன் வரை இதே இரண்டு பேரும் ஐந்து தடவை மோதினார்கள். ஐந்திலும் ஒருவர் மற்றவரை முறியடிக்கவில்லை. ஐந்தாவது மோதல் கடலூருக்கு அப்பால் நடந்தபோது ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானத்துக்கு ஒப்பமிட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்திதான் வந்து சேரவில்லை! அத்தனை வெடிமருந்துக்கும் பிறகு துறைமுகம் யாரிடம் போனது? முதல் ஆட்டத்திலேயே தோற்ற ஒல்லாந்தரிடம்.

இணையத்தில் போக்கர் சுற்றுப்போட்டி விளையாடுகிற ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு வியப்பே வராது. நன்றாக விளையாடுவது ஒன்று, வெல்வது வேறொன்று என்று அவருக்கு ஒவ்வொரு இரவும் யாரோ காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிற நமக்குத்தான், அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது!

கடதாசி விளையாட்டு நமக்குப் புதிதில்லை. 304 தெரியாத இலங்கைத் தமிழ்க் குடும்பம் குறைவு. 32 கடதாசி, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. ஆனால் அந்த 304 எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் பூச்சியம். கூட்டினால் ஒரு சாதிக்கு 76. நாலு சாதிக்கு 304! ராசாவையும் ராணியையும் மூலையில் உட்காரவைத்துவிட்டு ஜாக்கையும் ஒன்பதையும் சிம்மாசனத்தில் ஏற்றிய விளையாட்டு இது. முதல் நாலு கடதாசியை மட்டும் பார்த்து 160 கேட்பதா, மேலே கேட்பதா என்று முடிவெடுக்க வேண்டும். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவர்களைத் தவிக்க விடவேண்டும். கூட்டாளிக்குக் கண்சாடை காட்டினால் சண்டைதான்.

போக்கரின் உயிரும் இதே இடத்தில்தான் இருக்கிறது: எல்லாம் தெரியாமல் முடிவெடுப்பது. அதிகம் விளையாடப்படும் ஹோல்டெம் வகையில் உங்கள் கையில் இரண்டே கடதாசி. நடுமேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அந்த இரண்டு கடதாசி 1,326 விதமாக வரலாம். அதில் ஆறு விதத்தில்தான் இரண்டும் ஆசு. அதாவது 221 கைக்கு ஒரு தரம். சுற்றுப்போட்டி என்றால் எல்லாரும் ஒரே கட்டணம் கட்டி, ஒரே அளவு சிப்ஸோடு தொடங்குவார்கள். கட்டாயப் பந்தயம் நேரம் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும். சிப்ஸ் தீர்ந்தவர் எழும்பிப் போகவேண்டும். கடைசியாக இருப்பவர் வெற்றியாளர்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஆயிரம் பேர் விளையாடும் ஒரு போட்டியில் முதலாவதாக வர, உங்கள் சிப்ஸை எத்தனை தரம் இரட்டிப்பாக்க வேண்டும்? பத்தே பத்துத் தரம்! ஒன்றை இரண்டால் பத்துத் தரம் பெருக்கினால் 1,024 வருகிறதே. “பத்துத் தரம்தானே” என்று நினைப்பீர்கள். சரி, அந்தப் பத்துத் தரமும் உங்களிடம் மிக நல்ல கை இருக்கிறது, ஒவ்வொரு தரமும் நூற்றுக்கு 80 வாய்ப்பு உங்கள் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். பத்தையும் வெல்ல எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 11கூட இல்லை! இத்தனைக்கும் இரண்டு ஆசுகளை வைத்துக்கொண்டு இரண்டு ராசாவை எதிர்த்தால் கிடைப்பது நூற்றுக்கு 82 அளவுதான். அதைவிடப் பெரிய பலம் மேசையில் அடிக்கடி வராது. ஒரு பிழையும் விடாமல் விளையாடி, பத்தில் ஒன்பது இரவு தோற்றுப் படுக்கப் போகலாம்.

இன்னொன்று. நீங்கள் சராசரி ஆட்டக்காரரைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரர் என்று வைப்போம். மற்றவருக்கு ஆயிரத்தில் ஒன்று என்றால் உங்களுக்கு ஐந்நூற்றில் ஒன்று. நாளுக்கு ஒரு போட்டி விளையாடுகிறீர்கள். 500 நாள் கழிந்தும் ஒரு தரம்கூட முதலிடம் வராமல் போக வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 37! ஆயிரம் நாள் விளையாடியும் வராமல் போக நூற்றுக்கு 13க்கு மேல். கிட்டத்தட்ட மூன்று வருடம், இரட்டைத் திறமை, ஒரு கிண்ணமும் இல்லை. அதே நேரம் நேற்று விதிமுறை படித்த ஒருவர் முதல் போட்டியிலேயே வெல்கிறார். ஆயிரம் பேரில் யாரோ ஒருவர் வென்றுதானே ஆகவேண்டும்! அவருடைய படம்தான் விளம்பரத்தில் வரும். மற்ற 999 பேருடைய படத்தை யார் போடுவார்கள்?

விளம்பரப் படம் என்றதும் ஒரு பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்: கிறிஸ் மணிமேக்கர். பெயரே ‘பணம் பண்ணுபவர்’. புனைபெயர் இல்லை, சொந்தப் பெயர்! அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கணக்காளர். 2003ஆம் ஆண்டு இணையத்தில் 86 டொலர் கட்டணப் போட்டி ஒன்றில் வென்று, 10,000 டொலர் கட்டணமுள்ள போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டிக்கு இடம் பிடித்தார். 839 பேரைக் கொண்ட அந்தப் போட்டியில் வென்று 25 இலட்சம் டொலர் எடுத்துக்கொண்டு போனார். இறுதியில் சாம் ஃபர்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரரோடு தனித்து நின்றபோது, கையில் ஒரு சோடிகூட இல்லாமல் சிப்ஸ் முழுவதையும் தள்ளினார். சோடி வைத்திருந்த ஃபர்ஹா பயந்து கையை மடக்கிவிட்டார்! அடுத்த வருடம் அதே போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். 2006இல் 8,773 பேர். ஒரு கணக்காளரின் ஒரு புளுகு உலகத்தையே மேசைக்கு இழுத்து வந்தது.

எங்கள் தீவோடு தொடர்புள்ள ஒரு கதையும் இருக்கிறது. மணிமேக்கர் கதையைப் போல அது பரவவில்லை. எனக்கென்றால் இதுதான் இந்த விளையாட்டின் மேடு பள்ளத்தை முழுதாகக் காட்டுகிற கதை.

உபேஷ்க டி சில்வா. இலங்கை வேர்கொண்டவர், அமெரிக்காவில் டெக்சாஸில் இருப்பவர். உலகத் தொடரில் வெல்பவருக்குக் கொடுக்கும் தங்கக் கைவளையத்தை மூன்று தரம் வென்றவர். 2020இல் கொரோனாவால் உலகத் தொடரின் பிரதான போட்டியே இணையத்துக்குப் போனது. டிசம்பரில் நடந்த அமெரிக்கப் பகுதியில், தலைக்கு 10,000 டொலர் கட்டி 705 பதிவுகள். திரையைப் பார்த்து விளையாடி, கடைசி ஒன்பது பேரில் ஒருவராக வந்துவிட்டார் டி சில்வா. அந்த ஒன்பது பேர் மட்டும் லாஸ் வேகாஸுக்குப் போய் நேரில் உட்கார்ந்து விளையாட வேண்டும். முதல் பரிசு 15 இலட்சம் டொலருக்கு மேல்.

மேசைக்குப் போகுமுன் எல்லாருக்கும் கொரோனாப் பரிசோதனை. டி சில்வாவுக்குத் தொற்று!

விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. தொற்று வந்தால் வெளியே, ஒன்பதாம் இடத்துப் பரிசு மட்டும். ஒரு கடதாசிகூடக் கையில் எடுக்காமல் 98,813 டொலரோடு அவர் திரும்ப வேண்டியதாயிற்று. டிசம்பர் 28 அன்று மிச்சம் எட்டுப் பேரும் விளையாடினார்கள். ஜோசப் ஹெபர்ட் வென்றார். 700 பேர் வரை தாண்டி வந்த மனிதரைத் தோற்கடித்தது ஆசுமில்லை, ராசாவுமில்லை. சுற்றுப்போட்டியில் ‘கெட்ட கை’ என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் வாயை மூடலாம்.

அதற்கு நேர் எதிரான அதிசயமும் உண்டு. முதலாம் இடத்தைவிட இரண்டாம் இடத்துக்கு அதிகப் பணம் கிடைத்த போட்டி தெரியுமா? 2019 ஓகஸ்டில் லண்டன். நுழைவுக் கட்டணம் மட்டும் பத்து இலட்சத்து ஐம்பதாயிரம் பவுண்! கடைசி இரண்டு பேர், பிரின் கென்னியும் ஆரன் சாங்கும், அப்போது கையிலிருந்த சிப்ஸ் அளவுப்படி பணத்தைப் பிரித்துக்கொள்ள உடன்பட்டார்கள். கென்னியிடம் சிப்ஸ் மிக அதிகம். பிறகு கிண்ணத்துக்காக விளையாடியபோது சாங் வென்றுவிட்டார். கிண்ணம் சாங்குக்கு, 138 இலட்சம் பவுண். தோற்ற கென்னிக்கு 169 இலட்சம் பவுண்! பயத்தில் பிரித்துக்கொண்டதா, புத்தியில் பிரித்துக்கொண்டதா? நான் புத்தி என்றே சொல்வேன்.

சரி, எதிராளியின் மனதைப் படிப்பது பற்றி? அதற்குத் திரும்பவும் நமது துறைமுகத்துக்கே வரவேண்டும்.

1942 மார்ச் கடைசி. ஜப்பானியக் கடற்படை ஏப்ரல் முதலாம் திகதியளவில் இலங்கையைத் தாக்கும் என்று பிரித்தானிய அட்மிரல் சொமர்விலுக்கு உளவுத் தகவல் வருகிறது. கப்பல்களைத் திரட்டித் தெற்குக் கடலில் காத்திருக்கிறார். முதலாம் திகதி வரவில்லை. இரண்டாம் திகதியும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைகின்றன. தகவல் பிழை என்று முடிவெடுத்து, படையில் பெரும்பகுதியை மாலைதீவின் அட்டு தீவுக்குக் கொண்டு போகிறார். கோர்ன்வால், டோர்செட்சயர் ஆகிய இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கும், விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைத் திருகோணமலைக்கும் அனுப்புகிறார். ஜப்பானியர் உண்மையில் வந்துகொண்டுதான் இருந்தார்கள், நாலு நாள் பிந்தி! ஏப்ரல் 4 அன்று கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் அவர்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அடுத்த நாள் கொழும்பு தாக்கப்பட்டது, கோர்ன்வாலும் டோர்செட்சயரும் கடலில் தாண்டன. 9ஆம் திகதி திருகோணமலைக்கு முறை. துறைமுகத்தில் நின்றால் ஆபத்து என்று ஹெர்மிஸை முதல் நாள் இரவே வெளியே அனுப்பியிருந்தார்கள். அது மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது.

எதிராளியின் கையைச் சரியாகத்தான் படித்தார்கள். கொஞ்சம் முந்தி மடக்கினார்கள், அவ்வளவுதான். சொமர்விலைக் குறை சொல்லுவது சுலபம். கையில் இருந்த தகவலுக்கு அந்த முடிவு மோசமில்லை என்று நான் நினைக்கிறேன். முடிவையும் விளைவையும் ஒன்றாக்கிப் பார்க்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அதுதான் போக்கர் ஆட்டக்காரரையும் பைத்தியமாக்குகிறது.

இனிக் கடதாசிக் கட்டுக்கு வருவோம். 52 கடதாசியை எத்தனை விதமாக அடுக்கலாம்? விடை 68 இலக்கம் உள்ள ஒரு எண்! எட்டுக்குப் பின்னால் 67 பூச்சியம் போட்டுக்கொள்ளுங்கள். இன்று உலகில் உள்ள 800 கோடிப் பேரும், ஆளுக்கு நொடிக்கு நூறு கோடித் தரம், பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து கலைத்துக்கொண்டே இருந்தாலும் அதில் ஒரு மூலையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். நன்றாகக் கலைத்த ஒரு கட்டைக் கையில் எடுத்தால், அந்த வரிசை உலகத்தில் இதற்கு முன் வந்ததே இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஒரே சாதியில் பத்து, ஜாக், ராணி, ராசா, ஆசு ஐந்தும் வருகிற ‘ரோயல் ஃப்ளஷ்’ கிடைக்க வாய்ப்பு 6,49,740இல் ஒன்று. நிமிடத்துக்கு ஐந்து கடதாசி வீதம் இரவும் பகலும் பிரித்துக்கொண்டிருந்தால் சராசரி 451 நாளுக்கு ஒரு தரம் வரும்.

ஆனால் இணையத்தில் கலைப்பது கை இல்லையே, கணினி! அங்கேதான் 1999இல் ஒரு வெடி வெடித்தது.

காசுக்கு இணையப் போக்கரை முதன்முதலில் தொடங்கிய தளம் பிளானட் போக்கர், 1998 ஜனவரி முதலாம் திகதி. அது பயன்படுத்திய மென்பொருளைச் செய்த நிறுவனம், “பாருங்கள், நாங்கள் எவ்வளவு நேர்மையாகக் கலைக்கிறோம்” என்று காட்ட, கலைக்கும் நிரலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. ரிலையபிள் சொஃப்ட்வெயார் டெக்னோலஜீஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை எடுத்து வாசித்தார்கள். வாசித்ததும் அவர்களுக்கே நம்பமுடியவில்லை. 68 இலக்க எண் இருக்கவேண்டிய இடத்தில், அந்த நிரலால் உண்டாக்கக்கூடிய வரிசைகள் சுமார் 430 கோடி மட்டும். அதிலும் கலைப்பதற்கான தொடக்க எண்ணைக் கணினி தன் கடிகாரத்திலிருந்து எடுத்தது. நள்ளிரவு தாண்டி எத்தனை மில்லிசெக்கன் என்பதுதான் கணக்கு. ஒரு நாளில் இருப்பதோ 8 கோடியே 64 இலட்சம் மில்லிசெக்கன். 430 கோடி அப்படியே 8.64 கோடியாகச் சுருங்கியது. தங்கள் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துப் போகச் செய்ததும் அதுவும் சுமார் இரண்டு இலட்சமாகச் சுருங்கிவிட்டது! தன் கையில் இரண்டு, நடுமேசையில் மூன்று, ஆக ஐந்து கடதாசி தெரிந்தால் போதும். மிச்சம் எல்லாருடைய கையிலும் என்ன இருக்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்று அவர்களுடைய நிரல் ஆட்டம் நடக்கும்போதே சொல்லிவிட்டது. நல்லவேளை, அவர்கள் காசு பார்க்கவில்லை. வெளியே சொன்னார்கள், நிரல் திருத்தப்பட்டது.

எல்லாரும் அப்படி நல்லவர்கள் இல்லை. 2007 செப்டெம்பர், அப்சலூட் போக்கர் என்ற தளத்தில் 1,000 டொலர் கட்டணப் போட்டி. வென்றவருடைய ஆட்டம் விசித்திரமாக இருந்தது. மற்றவர் கையைப் பார்த்து விளையாடுவது போலவே ஒவ்வொரு முடிவும்! சந்தேகப்பட்ட ஒரு ஆட்டக்காரர் தன் ஆட்ட விவரத்தைத் தரும்படி தளத்திடம் கேட்டார். அவர்கள் அனுப்பிய எக்செல் கோப்பில், எப்படியோ, எல்லாருடைய மறைகடதாசிகளும், பார்வையாளர் கணக்குகளும், கணினி முகவரிகளும் அப்படியே கிடந்தன! ஆட்டக்காரர்கள் வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார்கள். ஒரு பார்வையாளர் கணக்கு அந்த வெற்றியாளரின் மேசையையே விடாமல் தொடர்ந்திருந்தது அம்பலமானது. மறு வருடம் அல்டிமேட்பெட் என்ற தளத்திலும் இதே களவு வெளிவந்தது. அதற்கு உரிமம் கொடுத்திருந்த கனடாவின் கானவாகி ஆணையம் விசாரித்து, முக்கிய ஆதாயம் அடைந்தவர் என்று பெயர் சொன்னது யாரைத் தெரியுமா? 1994இன் உலகச் சம்பியன் ரஸ் ஹமில்டனை! அந்த வருடம் வென்றவருக்குப் பத்து இலட்சம் டொலரோடு, துலாபாரம் வைத்தது போல எடைக்கு எடை வெள்ளியும் கொடுத்திருந்தார்கள்.

களவு இல்லாத இடத்திலும் எதிரே இருப்பது மனிதர்தானா என்ற கேள்வி உண்டு. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராட்டஸ்’ என்ற நிரல், நாலு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 20 நாள் மோதியது. மொத்தம் 1,20,000 கை. மனிதர்கள் பகலில் அதன் பலவீனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இரவில் அது அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு காலையில் வந்து நிற்கும்! முடிவில் 17,66,250 டொலர் மதிப்புள்ள சிப்ஸ் கணினி பக்கம். 2019இல் வந்த ‘ப்ளூரிபஸ்’ ஆறு பேர் மேசையிலும் தேர்ந்தவர்களை வென்றது. அதைப் பயிற்ற ஆன கணினிச் செலவு 150 டொலருக்கும் குறைவு.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துகிற விஷயம் கணினியின் கெட்டித்தனம் அல்ல. லிப்ராட்டஸ் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரு உபாயம் செய்தார்கள். ஒரு மேசையில் மனிதருக்குப் போன கடதாசி, இன்னொரு மேசையில் கணினிக்குப் போகும்படி வைத்தார்கள். அதாவது யார் கெட்டிக்காரர் என்று அறிய, முதலில் அதிர்ஷ்டத்தைக் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 1,20,000 கை தேவைப்பட்டது! இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 70 கை என்று பிடித்தால் 1,700 மணித்தியாலத்துக்கு மேல். பத்து இரவு வென்ற ஒருவர் “எனக்கு இது கைவந்துவிட்டது” என்று சொல்லும்போது நான் இந்த எண்ணைத்தான் நினைப்பேன்.

இரவு என்று சும்மா சொல்லவில்லை. பெரிய போட்டிகள் ஐரோப்பா, அமெரிக்கா நேரத்துக்கு வைக்கப்படுகின்றன. கோடையில் நியூயோர்க்கில் ஞாயிறு பிற்பகல் இரண்டரை என்றால் திருகோணமலையில் சரியாக நள்ளிரவு. கணவாய்க்கு விளக்கோடு போன வள்ளங்கள் கடலில் நிற்கிற நேரத்தில்தான் அங்கே முதல் கடதாசி பிரிப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் போட்டி முடிய விடிந்துவிடும். நித்திரையில்லாத மூளை ஐந்து மணிக்கு எடுக்கிற முடிவின் தரத்தைச் சொல்லத் தேவையில்லை.

2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டதிலிருந்து நமக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நேரம்தான். சட்டம்தான் வேறுவேறு. தமிழ்நாட்டில் இந்தக் கதை சுற்றுப்போட்டியையே மிஞ்சும்! 2021இல் வந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஓகஸ்டில் ரத்துச் செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 2022இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. 2025இல் காசு வைத்து விளையாட நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று விதி வந்தது. ஜூனில் அதை நீதிமன்றம் சரி என்றது. ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இல்லாமல் காசு வைத்த இணைய விளையாட்டு முழுவதையும் தடைசெய்துவிட்டது! நடத்துவோருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம்தான் நூறு வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தது. 2025இல் அதை நீக்கி, சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஓகஸ்டில் கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோவும் திறந்தது. இந்தியா கதவைச் சாத்திய மாதம் இலங்கை கதவுக்குப் புதுப் பூட்டுச் செய்த மாதம்!

திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் கேட்கிற கேள்வி சுவையானதுதான். திறமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, லிப்ராட்டஸ் அதை நிரூபித்துவிட்டது. ஆனால் அந்தத் திறமை கணக்கில் தெரிய எத்தனை ஆயிரம் மணித்தியாலம் ஆகும், அதுவரை வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி. ஒரு எளிய கணக்கு. கட்டணம் 10 டொலர், தளத்துக்கு 1 டொலர், ஆயிரம் பேர் என்று வையுங்கள். பரிசுக்குப் போவது 10,000. தளத்துக்கு 1,000. பரிசு பெறுவோர் வழமையாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர். மிச்சம் எண்பத்தைந்து, தொண்ணூறு பேர் ஒவ்வொரு இரவும் கட்டியதை இழக்கிறார்கள். ஆசு வந்தாலும் வராவிட்டாலும், மணிமேக்கர் வென்றாலும் டி சில்வா வெளியேறினாலும், அந்த 1,000 டொலர் மட்டும் ஒரு நாளும் தோற்பதில்லை.

திருவள்ளுவரைப் பாருங்கள். சூது அதிகாரத்தைத் தொடங்கும்போதே அவர் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி இல்லை, வெற்றியைப் பற்றி! கிடைத்த வெற்றியைத் தூண்டில் இரையாகப் பார்த்தார் மனிதர். எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் உயிர்களை அதிகம் கட்டிப்போடும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது இருபதாம் நூற்றாண்டில்.

304க்கு இன்னும் காசு தேவையில்லை, தோற்றவரைக் கிண்டலடித்தாலே போதும். அதற்கு நாலு பேர் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஆனால் யாராவது இரவில் கைத்தொலைபேசியோடு தனியே இருந்து, இழந்ததை மீட்கத் திரும்பத் திரும்பக் காசு கட்டிக்கொண்டிருந்தால், அவரிடம் கணக்குப் பேச வேண்டாம், ஏச வேண்டாம். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை கிடைக்கும். இந்தியாவில் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.